வரியில் இல்லாத விடை

கந்தன் குடையை மறந்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றான். மாலையில் வீடு திரும்பியதும் தாய் அவன் தலையைத் துவட்டினாள். பையிலிருந்த புத்தகத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

மூன்றே வரிகள். கடினமான சொல் ஒன்றுகூடக் கிடையாது. நான்காம் வகுப்புப் பிள்ளை தட்டுத் தடங்கலின்றிப் படித்துவிடும். படித்து முடித்ததும், "கந்தன் எதை மறந்தான்?" என்று கேளுங்கள், "குடையை!" என்று வகுப்பே கூவும். "தாள்கள் ஏன் ஒட்டிக்கொண்டன?" என்று கேளுங்கள், உயர்ந்த கைகள் பல இறங்கிவிடும். சில பிள்ளைகள் மறுபடியும் புத்தகத்தை விரித்து, வரிக்கு வரி விரலை ஓட்டி விடையைத் தேடுவார்கள். கிடைக்காது. மழை என்ற சொல் அந்த மூன்று வரிகளில் எங்கும் இல்லை.

விரலை ஓட்டித் தேடும் அந்தப் பிள்ளையை மந்தம் என்று சொல்லிவிடுவது எளிது. சொல்லியும் விடுகிறார்கள். ஆனால், அந்தப் பிள்ளை செய்வது என்ன? விடையென்றால் அது வரியில் இருக்கும், இருப்பதைப் பெயர்த்தெடுத்து எழுதினால் மதிப்பெண் வரும் என்று பள்ளி அதற்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. கற்றதைப் பணிவோடு செய்கிறது, அவ்வளவே. அந்த மழையோ காகிதத்தில் பெய்யவில்லை. படிப்பவன் உள்ளத்தில் பெய்ய வேண்டும். குடை எதற்கென்று அவனுக்குத் தெரியும். தலையைத் துவட்டுவது எப்போது என்பதும் தெரியும். நனைந்த தாள் ஒட்டும் என்பதும் தெரியும். தெரிந்த மூன்றையும் ஒரு முடிச்சாகப் போடும்போதுதான் மூன்று வரிகளும் ஒரு நிகழ்ச்சியாகின்றன. முடிச்சு விழாதவரை அவை தொடர்பற்ற மூன்று செய்திகளே.

இதற்குத் தமிழில் பெயர் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. உய்த்துணர்தல் என்பதே அது. நூல் எழுதுவோன் கையாளும் உத்திகள் முப்பத்திரண்டை அடுக்கும் நன்னூல், இறுதியாக வைப்பது 'உய்த்துணர வைப்பு' என்னும் உத்தியை. எல்லாவற்றையும் சொல்லிவிடாமல், படிப்போன் தானே உணர்ந்துகொள்ளுமாறு சிலவற்றை விட்டு வைப்பதும் நூலாசிரியன் வேலை என்பது அதன் கருத்து. மணிமேகலையோ, சமயவாதிகள் வாதத்தினூடே அளவைகளை விளக்கும்போது, ஆற்றில் வெள்ளம் வரக் கண்டு மேல்நிலத்தில் மழை பெய்திருக்கிறது என்று முடிவு செய்வதையும், கருத்த முகிலைக் கண்டு மழை வரும் என்று சொல்வதையும் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது. கந்தனின் ஈரப் புத்தகத்துக்கும் அந்த வெள்ளத்துக்கும் வேறுபாடு சிறிதே! கண்ட ஒன்றைக் கொண்டு காணாத ஒன்றை அறிவது இரண்டிலும் ஒன்றுதான்.

எழுதுவோனுக்கு இது உத்தி, வாதிடுவோனுக்கு இது அளவை. ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு? அவன் படிப்பை அளந்தவர்கள் இதை நெடுங்காலம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது எப்படி நேர்ந்தது, எப்போது மாறத் தொடங்கியது என்பது அறியத்தக்க வரலாறு. அந்த வரலாற்றின் ஒரு முனை நம் சென்னையிலேயே இருக்கிறது என்பது விந்தை!

1789இல் எழும்பூரில், படையினரின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நடத்த முன்வந்தார். இவ்வூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்த விரும்பினார், ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே ஆசிரியனாக்கினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்தச் சட்டாம்பிள்ளை முறையைப் பற்றி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது.

பெல் செய்தது பெரும் நன்மை, ஐயமில்லை. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை எழுத்தறியச் செய்ய அன்று வேறு வழி அரிது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். எட்டு வயதுச் சட்டாம்பிள்ளை எதைச் சரிபார்க்க முடியும்? எழுத்து சரியா, ஒலி சரியா, சொல் விடுபட்டதா, இவற்றைத்தான். படித்தது விளங்கியதா என்பதை அவன் எதைக் கொண்டு அறிவான்? சரிபார்க்க எளிதானதே கல்வி என்று ஆகிவிடும் ஆபத்து அன்றே கருக்கொண்டது.

அந்த ஆபத்து சட்டமாகவே உருவெடுத்த ஆண்டு 1862. இங்கிலாந்தின் கல்விப் பொறுப்பிலிருந்த இராபர்ட் லோ, திருத்திய விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் தேர்ச்சிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் என்பதே அதன் சாரம். ஆய்வாளர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் படிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றில் சோதிப்பார், ஒன்றில் தவறினால் பள்ளிக்கு 2 ஷில்லிங் 8 பென்சு குறையும். நிலைகள் ஆறு. தொடக்க நிலையில் ஓரசைச் சொற்களாலான சிறு கதை. ஆறாம் நிலையில் செய்தித்தாளில் ஒரு சிறு பத்தி. படித்துக் காட்டினால் போதும். வாய் பிசகாமல் வந்தால் வெற்றி!

காசு எங்கேயோ கவனமும் அங்கே. ஆசிரியர்கள் ஆண்டு முழுவதும் ஒரே பாடப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். பிள்ளைகள் அதை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடியே பிழையின்றிப் 'படித்த' பிள்ளைகளைப் பற்றிய கதைகள் அந்நாட்டில் வழங்கின. 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளைச் சோதித்தவர் கவிஞர் மாத்யூ ஆர்னால்டு. உண்மையில் படிக்கத் தெரியாத பிள்ளையைப் படிப்புத் தேர்வில் தேற வைத்துவிட முடிகிறது என்று அவர் தம் அறிக்கையில் மேலதிகாரிகளுக்கே எழுதினார். அரசு ஊழியர் ஒருவர் அரசின் திட்டத்தை அரசுக்கே எழுதும் அறிக்கையில் கண்டித்தார் என்றால், அந்தத் துணிவை நாம் பாராட்டியே ஆக வேண்டும். திட்டம் கைவிடப்பட்டதோ 1890களில்தான். முப்பது ஆண்டுப் பிள்ளைகள் அதற்குள் பள்ளியை விட்டுப் போய்விட்டனர்.

எழும்பூரிலிருந்து சட்டாம்பிள்ளை முறையைப் பெற்றுக்கொண்ட இங்கிலாந்து, மறுமொய் போல இந்த முறையை நமக்கு அனுப்பி வைத்தது. சென்னை மாகாணத் தொடக்கப் பள்ளிகளிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்ச்சிக்கேற்ற மானியம் நடைமுறையிலிருந்தது. இன்றும் ஆய்வாளர் வரும் நாளில், நன்றாக வாசிக்கும் பிள்ளையை முன் வரிசையில் உட்கார வைக்கும் வழக்கத்தைக் காணும்போது, சில பழக்கங்களுக்குச் சாவே இல்லையோ என்று நமக்குத் தோன்றும்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளநூல் அங்கே புதிய அறிவியலாகத் தலை நிமிர்ந்தது. 1908இல் எட்மண்ட் ஹியூயி என்பவர் படிப்பின் உளநூல் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். படிப்பின் உயிர் பொருளை அடைவதில் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்லுவதில் இல்லை என்று வாதிட்டார். கேட்டோர் சிலர். 1915இல் வில்லியம் கிரே வெளியிட்ட புகழ்பெற்ற படிப்புத் தேர்வும் வாய்விட்டுப் படிப்பதையே அளந்தது. பிழைகளை எண்ணினார்கள், நேரத்தைக் குறித்தார்கள்.

1917இல் கொலம்பியாப் பல்கலைக் கழகத்து ஆசிரியர் கல்லூரியின் பேராசிரியர் எட்வர்டு தார்ண்டைக் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். படிப்பதும் பகுத்தறிதலே என்பதுதான் தலைப்பின் கருத்து. படிப்பின் வரலாற்றில் இதற்கு ஈடான கட்டுரைகள் சிலவே.

அவர் செய்தது மிக எளிய வேலை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார். பிராங்க்ளின் என்ற ஊரில் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளி நாள்தோறும் வரவேண்டும் என்ற விதியையும், நோய், வீட்டில் தொற்றுநோய், நடக்க முடியாத சாலை ஆகிய விலக்குகளையும் சொல்லும் பத்தி அது. பத்தியை எதிரில் வைத்துக்கொண்டே விடை எழுதலாம், மனப்பாடம் வேண்டியதில்லை. பத்து வயதுச் சிறுமியைப் பற்றி ஒரு வினா. பத்தியில் பத்து என்ற எண்ணே கிடையாது, ஏழுக்கும் பதினான்குக்கும் இடையில் அதைப் பிள்ளைதான் பொருத்திப் பார்க்க வேண்டும். உடல் நலத்தோடு இருக்கும் சிறுவனும் வீட்டிலேயே இருக்கலாம் என்றால் அது எந்த வகை நோயால் என்று மற்றொரு வினா. 200 பிள்ளைகளின் விடைகளை அவர் பட்டியலிட்டார்.

சரியான விடைகளைப் பட்டியலிடுவோர் பலருண்டு. தார்ண்டைக் தவறான விடைகளைப் பட்டியலிட்டார். அங்கேதான் அவர் பெருமை இருக்கிறது. பத்தியின் பொருள் என்ன என்ற வினாவுக்கு, 'பிராங்க்ளின்' என்று எழுதினர் சிலர். அவர் பெரிய கண்டுபிடிப்பாளர் என்றும் விடை வந்தது! பத்தியிலுள்ள பிராங்க்ளின் ஓர் ஊர். பிள்ளை அறிந்த பிராங்க்ளினோ மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின். அந்த ஒரு சொல்லைக் கண்டதும் பிள்ளையின் எண்ணம் அதன் பின்னாலேயே ஓடிவிட்டது. மற்றச் சொற்கள் கூவிக் கூவி அழைத்தும் திரும்பவில்லை. ஒரு சொல்லுக்கு அளவுக்கு மீறிய வலிமை ஏறிவிடுவதும், மற்றொரு சொல் வலிமையின்றிப் போவதுமே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் என்று தார்ண்டைக் கண்டார். அந்தப் பிள்ளைகள் சொற்களைத் தவறாக வாசிக்கவில்லை. எடைபோடத் தவறினார்கள்.

ஆகவே ஒரு பத்தியைப் புரிந்துகொள்வது கணக்குப் போடுவது போன்றது என்றார் அவர். வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது, வேண்டாததைத் தள்ளுவது, ஒவ்வொன்றுக்கும் உரிய எடையைத் தருவது, ஒன்றோடொன்று சரியான உறவில் இணைப்பது ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இந்த வேலையைப் பிள்ளை வாய்விட்டு வாசிக்கும் மணியைவிட, கதை படிக்கும்போதும் வரலாறு, நிலநூல் படிக்கும்போதுமே அதிகம் கற்கிறதோ என்ற ஐயத்தையும் அவர் எழுப்பினார்.

படிப்பு பகுத்தறிதலே என்று சொன்ன அந்த அறிஞரைப் பற்றி மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அறிவு பிறவியிலேயே அமைவது, இனத்துக்கு இனம் ஏறித் தாழ்வது என்று நம்பியவர் அவர்; இனமேம்பாட்டுக் கொள்கை பேசியவர். அவர் பணியாற்றிய கல்லூரியே, அவர் பெயர் தாங்கிய கட்டடத்திலிருந்து அப்பெயரை 2020இல் நீக்கிவிட்டது. பிள்ளைகளின் பிழைகளுக்குள் புகுந்து, அவை எப்படிப் பிறந்தன என்று அவ்வளவு பொறுமையாகத் தேடியவர், மனிதருக்குள் வேற்றுமை எப்படிப் பிறந்தது என்று தேடும்போது மட்டும் அந்தப் பொறுமையை இழந்தாரே! பிறப்பை மறந்துவிட்டுப் பிழையைப் பார் என்று அவரது கட்டுரையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. கட்டுரையை ஏற்போம், கொள்கையைத் தள்ளுவோம்.

தார்ண்டைக் காட்டிய கதவு உடனே திறந்துவிடவில்லை. அதே ஆண்டுகளில் கான்சாசில் பிரெடரிக் கெல்லி என்பவர், திருத்துவது எளிதாகும்பொருட்டு, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வை உருவாக்கினார். அதுவே உலகெங்கும் பரவியது. திருத்துவோர் வேலை குறைந்தது, உண்மை. பிள்ளை எப்படி எண்ணியது என்பதைக் காட்டும் தவறான விடைகள், தார்ண்டைக்குப் பொன்னாக இருந்தவை, வெறும் சுழிகளாயின.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்து பிரடெரிக் பார்ட்லெட், 1932இல் வெளியிட்ட நூலில் வேறொரு பக்கத்தைக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பின்னர் நினைவிலிருந்து எழுதச் செய்தார். கதையிலிருந்த பழங்குடித் தோணிகள் எழுதியோர் கையில் சாதாரணப் படகுகளாயின. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாகியது. ஆவிகள் பலர் கதையிலிருந்து காணாமலே போயின. விளங்காத இடங்களைத் தமக்கு விளங்கிய உலகத்தைக் கொண்டு நிரப்பிவிட்டார்கள், நிரப்பினோம் என்று அறியாமலே! உய்த்துணர்வுக்கு இப்படி ஓர் ஆபத்தும் உண்டு. வரியை விட்டு விலகி ஓடினால் அது மனம் போன கற்பனையாகிவிடும். 'மழை பெய்தது' என்று சொல்லும் பிள்ளை ஈரத் தாளையும் துவட்டிய தலையையும் சான்றாகக் காட்ட முடியும். 'கந்தன் குளத்தில் குதித்தான்' என்று சொல்லும் பிள்ளை அதே சான்றுகளைக் காட்டலாம், ஆனால், "குடையை மறந்தான் என்று எதற்காகச் சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால் தடுமாறும். வரியிலிருந்து புறப்பட வேண்டும், வரிக்கே திரும்பி வந்து கணக்குக் காட்டவும் வேண்டும்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூண்டலும் துலங்கலும் தவிர மனத்துக்குள் எதுவும் நடப்பதாகப் பேசுவதே தவறு என்று உளநூலார் பலர் கருதிய காலம் அது. 1972இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், பிரான்ஸ்போர்டு, பார்க்லே, பிராங்க்ஸ் என்போர், ஓர் அழகிய சோதனை செய்தனர். நீரில் மிதக்கும் மரக்கட்டை மேல் மூன்று ஆமைகள் இருக்கின்றன. ஆமைகளுக்குக் கீழே மீன் நீந்திப் போகிறது. இப்படியொரு தொடரைக் கேட்டவர்களிடம் சற்றுப் பொறுத்து, "கட்டைக்குக் கீழே மீன் போனது என்று கேட்டீர்களா?" என்று வினவினர். ஆம், கேட்டோம் என்றே பலர் சாதித்தனர்! அப்படி யாரும் சொல்லவில்லை. ஆமைகள் கட்டையின் மேல் இருந்தால், ஆமைக்குக் கீழே போன மீன் கட்டைக்குக் கீழேயும்தான் போயிருக்கும். அதைக் கேட்டவர் மனமே முடிவு செய்துகொண்டது. ஆமைகள் கட்டைக்குப் பக்கத்தில் இருந்ததாகச் சொல்லிப் பார்த்தபோது இந்தத் தடுமாற்றம் நேரவில்லை. கேட்டோர் மனம் சொற்களை அடுக்கி வைக்கவில்லை, ஒரு குளத்தையே கட்டியிருக்கிறது என்பது விளங்கிற்று. உய்த்துணர்தல் புரிந்துகொண்ட பின் ஏறும் மேல்மாடி என்ற எண்ணம் இதோடு தகர்ந்தது. புரிந்துகொள்ளும் வேலையே அதுதான்.

அப்படியானால், கட்டுவதற்குச் செங்கல் வேண்டாமா? அதே 1972இல் பிரான்ஸ்போர்டும் ஜான்சன் என்பாரும், துணி வெளுப்பதைப் பற்றித் துணி என்றும் நீர் என்றும் சொல்லாமலே ஒரு பத்தி எழுதிப் படித்துக் காட்டினர். இது எதைப் பற்றியது என்று முன்னரே அறிந்தவர்களுக்குப் பத்தி தெளிந்த நீர்; அறியாதவர்களுக்குச் சேறு. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்னும் இருவர் அமெரிக்க நடுநிலைப் பள்ளி மாணவர் 64 பேரைக் கொண்டு செய்த ஆராய்ச்சி, இந்தக் கருத்தைப் பள்ளிக்கூட வாசலுக்கே கொண்டுவந்தது. நன்றாகப் படிப்போர், படிப்பில் பின்தங்கியோர் என இரு திறத்தார். அவருள்ளும் பேஸ்பால் ஆட்டம் தெரிந்தோர், தெரியாதோர் என இரு பிரிவு. ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் கட்டுரையைப் படித்துவிட்டு, மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்ட வேண்டும். 'பின்தங்கியவர்' என்று முத்திரை குத்தப்பட்டோரில் ஆட்டம் தெரிந்தவர்கள், 'வல்லவர்' என்று பெயர் பெற்றோரில் ஆட்டம் தெரியாதவர்களை விஞ்சிவிட்டனர்!

இதைப் படிக்கும்போது நம் வினாத்தாள்களை நினையாமல் இருக்க முடியுமா? விமான நிலையத்தில் ஒரு நாள், மலை வாழிடத்தில் கோடை விடுமுறை என்று பத்தி கொடுத்து, அதை ஒருமுறையும் கண்டிராத பிள்ளையிடம் நுண்பொருள் கேட்கிறோம். விடை எழுதாவிட்டால் படிப்பில் குறை என்கிறோம். நாற்றங்கால், மடை, வரப்புத் தகராறு என்று ஒரு பத்தி கொடுத்துப் பாருங்கள். "தண்ணீர் திறந்த அன்று இரவு பெரியவர் ஏன் உறங்காமல் வயலில் இருந்தார்?" என்ற வினாவுக்கு உழவர் வீட்டுப் பிள்ளை கண்ணிமைக்கும் நேரத்தில் விடை சொல்லும். நகரத்தில் வளர்ந்த முதல் மாணவன் விரலை ஓட்டி வரியைத் தேடுவான். எவனுடைய உலகம் பாடப் புத்தகத்தில் அச்சேறுகிறதோ அவனே அறிவாளி என்று தோன்றும். இதில் ஒரு பிள்ளையின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது.

ஆனால் இங்கேயே நின்றுவிட்டால், செய்தியைத் திணித்துவிட்டால் போதும், உய்த்துணர்வு தானே வரும் என்ற முடிவுக்குத் தாவிவிடுவோம். அது முழு உண்மையன்று. இதைத் தெளிவாக்கியவர்கள் இங்கிலாந்தின் ஜேன் ஓக்ஹில், கேட் கெயின் முதலியோர். சரளமாக வாசிக்கும், சொல்லும் அறியும், ஆயினும் பொருள் பிடிபடாத பிள்ளைகளை அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். அத்தகைய பிள்ளை எளிதில் கண்ணுக்குத் தட்டுப்படாது. வாசிப்பு மணியில் அது வெற்றி பெறும். ஆர்னால்டு கண்ட பிள்ளையின் பேரப்பிள்ளை போல.

அறிவுக் குறையே காரணமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, அவர்களும் உடனாய்வாளர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு கற்பனைக் கோளையே படைத்தனர். அக்கோளில் கரடிகளுக்கு நீல நிற மயிர். இப்படிப்பட்ட செய்திகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பித்து, அனைவரும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்ட பிறகே கதையைச் சொன்னார்கள். எந்தப் பிள்ளைக்கும் முன்னனுபவம் என்ற சலுகை இல்லை. பணக்காரப் பிள்ளையும் அந்தக் கோளுக்குச் சென்றதில்லை! அப்படியிருந்தும், பொருளுணர்வில் பின்தங்கிய பிள்ளைகள் அறிந்த செய்தியைக் கதையோடு இணைப்பதில் பின்தங்கியே நின்றனர். கையில் செங்கல் இருந்தும் கட்டத் தொடங்கவில்லை.

இன்னொரு கேள்வியும் எழும். நன்றாகப் புரிவதால் உய்த்துணர்கிறார்களா, உய்த்துணர்வதால் புரிகிறதா? கெயினும் ஓக்ஹில்லும் 1999இல் இதற்கு நல்ல வழி கண்டனர். பின்தங்கிய பிள்ளைகளை, அவர்களைவிட வயதில் சிறிய, ஆனால் அதே அளவு பொருளுணர்வு கொண்ட பிள்ளைகளோடு ஒப்பிட்டனர். வரிக்கு வரி தொடர்பு காண்பதில் சின்னஞ்சிறுவர்களே மேலாக இருந்தார்கள். பொருளுணர்வு சமம், உய்த்துணர்வு சமமில்லை என்றால், உய்த்துணர்வுக் குறை பொருளுணர்வுக் குறையின் விளைவு என்று சொல்ல இயலாதன்றோ?

சரி, இதைக் கற்பிக்க முடியுமா? பிறவிக் குணம் என்று கைவிரிப்போர் எங்கும் உண்டு. நிக்கோலா யூல், ஓக்ஹில் இருவரும் 1988இல் வெளியிட்ட சோதனையில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சில அமர்வுகளே பயிற்சி தந்தனர். ஒரு குழுவுக்கு விரைந்து வாசிக்கும் பயிற்சி. ஒரு குழுவுக்கு வழக்கமான வினா விடைப் பயிற்சி. ஒரு குழுவுக்கு உய்த்துணரும் பயிற்சி. ஒவ்வொரு சொல்லும் என்ன துப்புத் தருகிறது என்று ஆராய்வது, பிள்ளைகளே வினா எழுப்புவது, மூடி மறைத்த வரியில் என்ன இருக்கும் என்று ஊகிப்பது என்பனவே அந்தப் பயிற்சி. பொருளுணர்வில் பின்தங்கியோருக்கு விரைவுப் பயிற்சி தந்த பயன் சொற்பம். உய்த்துணரும் பயிற்சி அதைவிடப் பன்மடங்கு பயன் தந்தது. வழக்கமான வினா விடையும் பயனின்றிப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

சொல் தரும் துப்பு என்றோம். "முத்து அன்றும் பசியோடு வகுப்புக்கு வந்தான்." இதில் 'அன்றும்' என்பதிலுள்ள 'உம்' என்ன சொல்கிறது? முன்பும் பசியோடு வந்திருக்கிறான் என்று சொல்கிறது. ஒரே ஓர் இடைச்சொல், ஒரு வீட்டின் வறுமையையே காட்டிவிடுகிறது! தொல்காப்பியர் இதை எச்சவும்மை என்று அன்றே வகுத்து வைத்தார். உம்மை எட்டு வகை என்று நம் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். எட்டுக்கும் எடுத்துக்காட்டு எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். "முத்துவின் வீட்டில் என்ன நடக்கிறது?" என்று கேட்டால் திகைக்கிறார்கள். கையில் விளக்கைக் கொடுத்து, அதன் உறுப்புகளின் பெயரை மட்டும் கற்பித்து, ஏற்ற மட்டும் கற்பிக்காமல் அனுப்பினால் வேறென்ன நேரும்?

மாலை வகுப்புகளும் படிப்பகங்களும் நடத்தும் இளைஞர்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. செய்தித்தாள் ஒன்று போதும். 'நடவடிக்கை எடுக்கப்படும் என்று கூறப்படுகிறது' என்று ஒரு வரி வரும். கூறியவர் யார்? எடுக்கப்போவது யார்? எந்த நாளுக்குள்? மூன்றும் வரியில் இல்லை. இல்லை என்பதையே முதலில் காணச் செய்யுங்கள். கடன் பத்திரத்திலும் வேலை ஒப்பந்தத்திலும் இதே பயிற்சி உதவும். 'நிருவாகம் தேவை எனக் கருதினால்' என்ற சொற்களுக்குப் பின்னால் யாருடைய வேலை தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எழுத்தெண்ணிப் படித்தவனுக்கும் தெரியாமல் போகிறது. கையொப்பம் இட்டுவிட்டு வருகிறான்.

பள்ளிக்குள் செய்ய வேண்டியதற்கோ அரசாணை எதுவும் வேண்டியதில்லை. பத்திக்குக் கீழே நாம் எழுதும் ஐந்து வினாக்களில் ஒன்றையேனும், விடை வரியில் இல்லாத வினாவாக வைக்கலாம். பிள்ளை விடை சொன்னதும், சரியென்றோ தவறென்றோ சொல்லாமல், "எந்தச் சொல்லைக் கொண்டு சொல்கிறாய்?" என்று அடுத்த வினாவைக் கேட்கலாம். கந்தன் கதையை அப்படிக் கேட்ட வகுப்பொன்றில், மழை என்று சொன்னவர்களை எல்லாம் மறுத்து ஒரு சிறுமி எழுந்தாள். காலையில் மழை பெய்திருந்தால் யாராவது குடையை மறப்பார்களா, ஆகையால் மழை மாலையில்தான் பெய்திருக்க வேண்டும் என்றாள். அந்த நேரக் கணக்கு நாம் எழுதி வைத்திருந்த விடைக்குறிப்பில் கிடையாது.